ஏழுமலையின் பந்தய வண்டிக்கு அளவு எடுத்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். மெக்கானிக் கடையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் கை வரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவேன்; வாக்கியத்தைச் சேர்ப்பதற்குள் வியர்த்துவிடும். அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. 'பந்தய வண்டி' என்று நான் ஆரம்பித்ததுமே நீங்கள் மீதியைக் கேட்காமல் எழுந்துபோய் எவன் வண்டியிலாவது சைலன்சரை அறுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்.

போன கிருத்திகைக்கு முருகன் கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். தீபாராதனை நேரத்தில் வாசல் வழியாக ஒரு வண்டி போனது பாருங்கள், அர்ச்சகர் அடித்த மணியே கேட்கவில்லை. அறுத்த சைலன்சர். நம் ஆள் எவனோ ஒருவன் கைவேலைதான். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதும் தப்பு என்று அந்த இடத்திலேயே மனசில் பட்டது. அப்பன் முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் கடைசிவரை படிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு ஏழுமலை வந்தது மனைவியின் மொபெட்டில். நைனார்பாளையம் பக்கத்தில் மரவள்ளி போடுகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். வண்டியோடு வண்டியாகப் படுத்துக்கொண்டு ஒரு வாலிபன் வளைவில் திரும்புகிறான். முழங்கால் தரையை உரசுகிறது.

"யாரு இது?"

"நான் தாண்ணா. இன்னா, நம்பலையா?"

நம்பத்தான் முடியவில்லை. ஆனால் உண்மை. வயசுக் காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்திருக்கிறார். ஓட்டும் அழகைப் பார்த்துக் கம்பெனியே தன் பந்தயக் குழுவில் சேர்த்துக்கொண்டது. அவர் ஓட்டியது ஃபேக்டரி வண்டி. அதாவது, பந்தயத்துக்கென்று கம்பெனி தானே செய்துகொள்வது. எந்தக் கடையிலும் விற்காது, நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் வராது. ஒரு பந்தயத்தில் விழுந்து இடுப்பு உடைந்தது. ஏழுமலை ஊருக்கு வந்தார். வண்டி பழசானதும், வழக்கம்போல் கம்பெனிக்காரர்கள் அதை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

"அத்த மாதிரியே எனக்கு ஒன்னு செஞ்சி குடுண்ணா. ரோட்ல ஓட்டற மாதிரி."

"இப்ப எதுக்கு ஏழுமல அது?"

"இடுப்பு மூட்டு தேஞ்சிப்போச்சாம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில மாத்தியே ஆகணும்ன்றாங்க. பொங்கல் கழிச்சி நாள் குடுத்துட்டாங்க. மாத்திட்டா அப்புறம் இந்த மாதிரி வண்டியில ஜென்மத்துக்கும் குனிஞ்சி உக்காரக் கூடாதாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா மலை மேல கரியாலூர் வரைக்கும் ஏறி எறங்கிடணும். அது போதும்."

அன்றைக்கே சரியென்றுவிட்டேன். வாழ்நாளெல்லாம் ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, பஞ்சர் பார்த்தவனுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விடுவானா? அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து 'முருகா, இதை என் கையால் முடித்துக் கொடு' என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஆர்.சி. இல்லாத வண்டி என் கடை வாசலைத் தாண்டாது. அந்தக் கம்பெனி ரோட்டுக்கு விற்ற ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினைத்தான் பந்தயத்துக்கும் பட்டை தீட்டியிருந்தார்கள். அதே மாடல் ஒன்று திருக்கோவிலூரில் ஒரு அரிசிக் கடைக்காரர் வீட்டுக் கொட்டகையில், சாக்குக் குவியலுக்கு அடியில், ஆர்.சி. புத்தகத்தோடு கிடைத்தது. ஆர்.சி. காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அதனால் வேலை தொடங்கும்போதே சொல்லிவிட்டேன்: எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் பக்கம் அரம் போகக் கூடாது, ஃபிரேமை வெட்டக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது, மாட்டுவது எதுவாக இருந்தாலும் போல்ட்டில் மாட்ட வேண்டும்.

ஏழுமலையின் மனைவி பூங்காவனம் அடுத்த நாளே அவரோடு கடைக்கு வந்துவிட்டார். சத்துணவு மையத்தில் வேலை. நிறுத்தி நிதானமாகப் பேசுவார். போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு சீட்டு தான இருக்குது. நான் எங்க உக்கார்றது?"

"நீ வர்றியா?" என்றார் ஏழுமலை ஆசையாக.

"வரல. ஆனா எடம் இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னதுதான் சட்டமும். ஆர்.சி.யில் இரண்டு பேர் என்று இருந்தால் இரண்டு பேருக்கு இடம் இருக்க வேண்டும். பந்தய வண்டியின் பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும். அதைக் கழற்றுகிற மாதிரி வைத்து, அடியில் ஒரு சின்ன சீட்டும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். கூடவே சாரி கார்டு.

"ரேஸ் வண்டிக்கு சாரி கார்டா! எவனாவது பாத்தா வுழுந்து வுழுந்து சிரிப்பாண்ணா" என்றார் ஏழுமலை.

"சிரிக்கட்டும். பின்னாடி உக்கார்றவங்க சேல சக்கரத்துல மாட்டாம இருந்தா போதும்."

முன்பக்கம் காற்றைக் கிழிக்கிற கூடு ஒன்று உண்டு, ஃபேரிங் என்பார்கள். அதற்கும் டேங்குக்கும் அச்சு வேண்டும். நம் ஊரில் இதற்கு யாரிடம் போவது என்று நான் யோசிக்கவே இல்லை. கோயில்களுக்கு வாகனம் செய்கிற மரச்சிற்பி ஒருவர் இருந்தார். அவர் மரத்தில் அச்சு செதுக்கிக் கொடுத்தால் அதன் மேல் ஃபைபர் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அவர் பட்டறைக்குப் போய் போட்டோவைக் காட்டினேன். பக்கத்திலேயே பாதி முடிந்த குதிரை வாகனம் ஒன்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சிற்பி போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "யாரு உக்கார்றாங்க?"

"அதுக்கும் டேங்குக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"குதிர எல்லா ஊர்லயும் குதிர தாங்க. உக்கார்ற சாமி தான் வேற வேற. நாங்க எப்பவும் உற்சவர் அளவு வாங்கிக்கினு தான் மரத்துல உளி வைப்போம். அளவு இல்லாம செஞ்சா பாக்க அழகா இருக்கும், வீதியொலாவுல சாமி ஆடிக்கினே போவும். ஓட்டறவர கூட்டியாங்க."

சாமி காரியத்தில் இருக்கிற முறை நம் வேலைக்கும் வந்தால் நல்லதுதானே என்று எனக்குச் சந்தோஷம். இன்னொரு காரணமும் இருந்தது. போட்டோவில் வண்டியின் இடது பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வலது பக்கம் எப்படி இருந்தது என்று ஏழுமலையின் உடம்பைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெற்று ஃபிரேமைக் கட்டை கொடுத்து நிறுத்தினோம். ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டுக் கும்பிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்கிங்க" என்றார் சிற்பி. "வண்டி ஓடுதுன்னு நெனச்சிக்கிங்க. கை எங்க போவுதோ வுட்டுடுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் முதுகு மெல்ல வளைந்தது. இரண்டு கையும் முன்னால் நீண்டு, காற்றில் ஒரு இடத்தில் போய் நின்றன. விரல் மடங்கி எதையோ பிடித்தது. முழங்கால் இரண்டும் இல்லாத டேங்கை அணைத்தன. சிற்பி ஓடி ஓடிக் குச்சி கட்டிச் சாக்பீஸால் குறித்தார். மூடிய கண்ணோடு ஏழுமலை சொன்னார்: "நேர் ரோடு முடியப்போவுதுண்ணா. தொ, வளைவு." வலது பாதம் தானாக பிரேக்கைத் தேடி அழுத்தியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தப் பாதம் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டோம்.

அப்புறம் நடந்த வேலையை விவரமாக எழுதப் போவதில்லை. எஞ்சின் வேலை உங்களுக்குத் தெரியும். வண்டி முதல் உதையில் உயிர் பிடித்த நாளை மட்டும் சொல்கிறேன். சைலன்சர் சட்டப்படிதான், உள்ளே எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த 'ரிங் ரிங்'கென்ற ரீங்காரம்! நீலப் புகை தெருவில் பரவ, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டு வந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் கையில் டீயோடு வந்தவர் அதைக் கொடுக்க மறந்து தானே குடித்துவிட்டார். ஏழுமலை டேங்க் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

அந்த ஆனந்தத்தின் நடுவில் பூங்காவனம் வண்டிக்குப் பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ண்ணா, கால் வைக்கிற கட்ட ரெண்டும் ஒன்னா இல்லையே? வலது பக்கம் எறங்கிக்கினு முன்னாடி போயிருக்குது."

குனிந்து பார்த்தேன். வாஸ்தவம். இடது ஃபுட்ரெஸ்டை போட்டோவைப் பார்த்து வைத்தோம். வலதை உடம்பு காட்டிய இடத்தில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் நல்ல வித்தியாசம். இத்தனை நாள் பக்கவாட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"அது சரியா தான் இருக்குது" என்று அந்த அம்மாவே தொடர்ந்தார். "இவரு சோறு துன்றப்ப வலது கால நீட்டிக்கினு தான் உக்காருவாரு. மடங்கினா தான? நான் தட்டு வைக்கிறதே இடது பக்கம் தள்ளித் தான்."

ஏழுமலையின் முகம் சுருங்கிவிட்டது. கால் கொஞ்சம் இழுக்குது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். மடங்கவே மடங்காது என்று சொல்லவில்லை.

"கம்பெனி வண்டியில ரெண்டும் சமமா தான் இருந்துச்சு" என்றார். "நான் கேட்டது அந்த வண்டி. நொண்டிக்கு செஞ்ச வண்டியா கேட்டேன்? சமமா வச்சிக் குடுண்ணா."

தம்பிகளே, வாடிக்கையாளர் கேட்கிறார், வண்டி அவருடையது. என்ன செய்வீர்கள்? நான் அவர் கேட்டபடி சமமாக ஒன்றைச் செய்து மாட்டினேன். ஆனால் மாட்டிவிட்டு ரோட்டுக்கு விடவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் கொண்டுபோனேன்; பூங்காவனமும் கூட வந்தார். ஆள் அரவம் இல்லாத சமதரை. காய்ந்த கரும்புத் தோகையை மூட்டையாகக் கட்டி நடுவில் வைத்தேன். "அந்தக் கரும்புச் சோக மூட்டைக்கு முன்னாடி நிறுத்திக் காட்டு" என்றேன்.

போனார். என்ன அழகாகப் போனார்! மூட்டை நெருங்கியது. நின்றிருக்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. மூட்டையை இடித்துச் சிதறடித்து, வால் இரண்டு ஆட்டம் ஆடி, முன் பிரேக்கில் கோரைப் புல் ஓரமாகப் போய் நின்றது. நான் 'முருகா முருகா' என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஆளுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலு வரலண்ணா. பிரேக் மேல போவச் சொல்றேன், வரல."

மலையில் கொண்டை ஊசி வளைவு எத்தனை இருக்கிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"மாத்திடலாம் ஏழுமல."

"மாத்தினா அது அந்த வண்டி இல்ல. எனக்கு அது வேணாம்." மூஞ்சைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். அவர் ஆசை, அவர் உயிர். அப்போதுதான் 'யாரு உக்கார்றாங்க?' என்று சிற்பி கேட்ட கேள்வி எனக்கே உறைத்தது.

"ஒன்னு கேக்கறேன், பதில் சொல்லு. கம்பெனியில அந்த வண்டிய யாருக்காக செஞ்சாங்க?"

"எனக்காகத் தான்."

"ஒன் கால அளந்து தான கட்டைய வச்சாங்க?"

"ஆமா. ஒவ்வொரு தபாவும் உக்கார வச்சி, மாத்தி மாத்தி வைப்பாங்க. இஞ்சினீரு மண்டி போட்டுக்கினு பாப்பாரு."

"அப்ப நானும் மண்டி போட்டு, இன்னிக்கு இருக்கிற ஒன் கால அளந்து வச்சா தான அது அந்த வண்டி? அன்னிக்கு இருந்த கால நான் எங்க போயி அளக்கறது?"

பூங்காவனம் சிதறிக் கிடந்த சோகையைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "சாமிக்கே அளவெடுத்து தான் குதிர செய்றாங்களாம். இவரு சாமியவிட பெரிய ஆளு போல."

ஏழுமலை சிரித்துவிட்டார். அன்றைக்கே, இறங்கியிருந்த பழைய கட்டையை மாட்டினேன்.

மறுநாள் காலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கூட்டம் கூடிவிட்டது. சமமான கட்டை என் பையில் இருந்தது. கோணலாக இருக்கிறதே என்று தள்ளிவிட்டால், ஐந்து நிமிஷத்தில் மாற்றிப் பாஸ் வாங்கிக்கொண்டு, வெளியே போய் மறுபடி மாற்றிவிடலாம். பையின் கனம் தோளில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏரிக்குள் நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அதை எடுத்து மாட்டினால், விபூதி பூசிய நெற்றிக்கு என்ன மரியாதை? எதில் மலையேறப் போகிறாரோ அதைத்தான் காட்டுவது என்று பையைக் கொண்டுபோய் வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் சுற்றி வந்தார். "இன்னாய்யா இது, ஏரோப்ளேனா?" என்றார். சேசிஸ் நம்பரைத் தடவிப் பார்த்தார், எஞ்சின் நம்பரைப் பார்த்தார். சைலன்சர் சத்தத்தைக் கேட்டார். சாரி கார்டைப் பார்த்ததும் மீசைக்குள் சிரித்தார். பின்னால் போய் நின்றார். சிரிப்பு போய்விட்டது.

"இந்தக் கட்ட ஏன் எறங்கியிருக்குது? வுழுந்து எழுந்த வண்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முன்னால் வந்தார். அத்தனை பேர் நடுவில் சத்தமாகவே சொன்னார்.

"வண்டி வுழலைங்க சார். வுழுந்தது நான். என் இடுப்பு மடங்காது. அதுக்கு அளவெடுத்து வச்சிருக்குது."

இன்ஸ்பெக்டர் அவரையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்டிக் காட்டுங்க. நான் கை காட்டற எடத்துல நிக்கணும்."

மைதானத்தின் கோடியிலிருந்து வந்தார் ஏழுமலை. கை உயர்ந்தது. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார், நின்றது. மூன்றாவது தடவையும் ஓட்டச் சொன்னார். அது சோதனைக்கு இல்லை, பார்க்க ஆசைப்பட்டுத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது.

மலையேறுகிற அன்றைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பூங்காவனம் கையில் ஹெல்மெட்டோடு வந்து, "அந்தத் திமிலக் கழட்டுங்கண்ணா" என்றார்.

"வரலன்னு சொன்ன?" என்றார் ஏழுமலை.

"நீ திரும்பி வர்ற வரைக்கும் வூட்ல உக்காந்து வவுறு எரியறதுக்கு, பின்னாடி உக்காந்தே எரிஞ்சிக்கிறேன்."

நான் என் பழைய வண்டியில் டூல் பையோடு பின்னால் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஆர்.சி.யைக் கேட்டார், பார்த்தார், சல்யூட் அடிக்காத குறையாக அனுப்பினார். பிறகு மலை. முதல் வளைவு வந்தது. ஏழுமலை கியரை இறக்கி, வலது காலால் பதமாகத் தொட்டு, வண்டியைச் சாய்த்து எடுத்தார். வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் தண்ணீர் வாய்க்காலில் திரும்புகிற மாதிரி ஒரு திரும்பல். போட்டோவில் இருந்த அந்த வாலிபன் அவனேதான்! பின்னால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பூங்காவனமும் கூடவே சாய்ந்தார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குக் கண் மறைத்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கித் தூக்கித் துடைத்துக்கொண்டே போனேன்.

கரியாலூரில் எஞ்சினை நிறுத்தியதும், அந்த அமைதியில் பூங்காவனம் புருஷன் முதுகில் ஒரு குத்து வைத்தார்.

"இத்தினி வருஷமா இத்தயா என்கிட்ட சொல்லாம வச்சிக்கினு இருந்த?"

ஏழுமலைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெய்வத்துக்கு நன்றி. சில மாதம் கழித்து இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் இழுக்காமல் நடந்தார். வண்டியை ஒரு சின்ன வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அளவு எடுங்கண்ணா" என்றார் பூங்காவனம்.

"டாக்டரு தான் ஓட்டக் கூடாதுன்னுட்டாரே?"

"அவருக்கு இல்ல. எனக்கு. சும்மா நிக்கிற வண்டி கெட்டுப்போவும்னு நீங்க தான சொல்லுவீங்க. புத்தகத்த என் பேருக்கு மாத்த எழுதிப் போட்டாச்சு."

"கியரு வண்டி ஓட்டத் தெரியுமா ஒனக்கு?" என்றார் ஏழுமலை. கேட்டவர் முகமெல்லாம் பல்.

"நீ ஏரியில வச்சி சொல்லித்தர்றதா தான பேச்சு? மறந்துட்டியா?"

சிற்பிக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டியைக் கட்டை கொடுத்து நிறுத்தினோம். சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்த பூங்காவனம் தொட்டுக் கும்பிட்டு ஏறி, கண்ணை மூடினார். கை நீண்டது. ஏழுமலை பிடித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. ஏழுமலை 'இன்னும் குனி' என்று சொல்ல வாயைத் திறந்தார்; என்னைப் பார்த்தார்; மூடிக்கொண்டார். சிற்பி சாக்பீஸால் கால் இரண்டையும் குறித்தார். ஏழுமலை வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சமம்" என்றார்.

தொழிலில் இருக்கும் பிள்ளைகளே, இதை வேறு யாருக்காவது அனுப்பினால் முழுசாக அனுப்புங்கள். பந்தயக்காரன் மலையேறியதோடு நிறுத்திவிட ஆசையாக இருக்கும், நிறுத்தாதீர்கள். சாரி கார்டு அழகாக இல்லை என்று எடுத்துவிடாதீர்கள். ஏரியில் பிரேக் பிடிக்காமல் போனதை நாசூக்காக விட்டுவிடாதீர்கள். என் தமிழில் பிழை இருந்தால் அதையும் திருத்த வேண்டாம், அப்படியே போகட்டும். கேட்கிறவர்கள் அந்த வண்டி இப்போது எங்கே என்று கேட்டால், விடுமுறை நாளில் கரியாலூர் ரோட்டில் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். பூங்காவனம் ஓட்டிக்கொண்டு போவார்.